கண் காணாத ஒளியும் காயங்குளத்துத் தென்னைகளும்

தென்னை மரம் ஒன்று நோயுற்றிருக்கிறது என்பதை உழவர் எப்போது அறிகிறார்? மட்டை தொய்ந்து, ஓலை மஞ்சளாகி, குரும்பை உதிரத் தொடங்கிய பிறகே அறிகிறார். அதற்குள் மண்ணுக்கடியில் வேர்கள் பலவும் பழுதுபட்டிருக்கும். பத்தாண்டு நீரூற்றி வளர்த்த மரத்தின் துன்பம், அதன் நிழலில் அமர்ந்து கஞ்சி குடிப்பவர் கண்ணுக்கே இறுதியில்தான் தெரிகிறது. அன்போடு பார்க்கும் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு.

இந்த எல்லையைச் சற்றே தள்ளிவைக்க முடியுமா என்று 1970-ஆம் ஆண்டில் நம் நாட்டு அறிவியலாளர் சிலர் முயன்றனர். கேரளத்தின் காயங்குளம் பகுதியில், தென்னந்தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டர் ஒன்று பறந்தது. அதிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் பச்சைத் தோப்புகள் சிவப்பாகத் தெரிந்தன. மனிதக் கண்ணுக்கு எட்டாத ஒளியைப் பதிவு செய்யும் தனிவகைப் பிலிமால் எடுக்கப்பட்ட படங்கள் அவை. இந்தியாவில் தொலையுணர்வு என்னும் துறை பிறந்தது அந்தப் பிலிமில்தான் என்று சொல்லலாம். இன்று அந்தப் பிலிம் உற்பத்தியில் இல்லை. அதன் வரலாற்றையும், அது காட்டியதையும், காட்ட இயலாமற்போனதையும், பெரம்பலூர், அரியலூர் மண்ணில் நின்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிவப்புக்கு அப்பால்

கதிரவனின் ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தினால் ஊதா முதல் சிவப்பு வரை நிறங்கள் விரியும். 1800-ஆம் ஆண்டில் வானியலறிஞர் வில்லியம் ஹெர்ஷல் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்து வந்தார். சிவப்பு முடிந்து, கண்ணுக்கு இருளாகத் தெரிந்த இடத்தில் வைத்தபோதும் வெப்பம் ஏறியது. ஒன்றுமில்லை என்று தோன்றிய இடத்தில் ஒளி இருந்தது. அதையே இன்று அகச்சிவப்பு என்கிறோம்.

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களைக் காண்கிறது. 700-க்கு அப்பால் தொடங்கும் பகுதி அண்மை அகச்சிவப்பு. பிலிமால் ஏறத்தாழ 900 நானோமீட்டர் வரை எட்ட முடிந்தது. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைவது நன்று. அகச்சிவப்புப் பிலிம் பொருள்களின் சூட்டைப் படம் பிடிப்பதில்லை. மனித உடலிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிர்களின் அலைநீளம் இதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். அதைக் காணும் கருவிகள் வேறு. நாம் பேசும் பிலிம், கதிரவன் அனுப்பிய அண்மை அகச்சிவப்பு ஒளி பொருள்கள்மீது பட்டுத் திரும்புவதையே பதிவு செய்கிறது.

அப்படித் திருப்பி அனுப்புவதில் உயிருள்ள இலைக்கு இணையானது அரிது. இலையிலுள்ள பச்சையம் தன் உணவாக்கத்திற்குச் சிவப்பு, நீல ஒளிகளை உட்கொண்டு, பச்சையில் ஒரு சிறு பங்கை மட்டும் திருப்புகிறது. ஆனால் அண்மை அகச்சிவப்பு அதற்குப் பயன்படுவதில்லை. இலையின் உட்புறத்தில் பஞ்சுபோன்ற உயிரணுக்களும் அவற்றிடையே காற்றறைகளும் உள்ளன. அவற்றில் அந்த ஒளி மோதிச் சிதறி, ஏறத்தாழப் பாதியளவு வெளியே திரும்பிவிடுகிறது. கண்ணுக்குக் கரும்பச்சையாக நிற்கும் மரம், அகச்சிவப்பில் பனி மூடியதுபோல் வெளுத்துத் தெரிவது இதனால்தான். இலையின் உட்கட்டமைப்பு நோயால் சிதைந்தால் இந்த ஒளியின் அளவும் மாறும். வெளியே நிறம் மாறுமுன் உள்ளே நேரும் மாற்றத்தை இதனால் அறியலாமோ என்ற எதிர்பார்ப்பு அறிவியலாளருக்கு எழுந்தது.

பிலிமுக்குப் பார்வை கிடைத்த கதை

ஒளிப்படத்தின் தொடக்க காலத்தில் பிலிமுக்குச் சிவப்பே தெரியாது. வெள்ளி உப்புக்கு இயல்பில் நீல ஒளி மட்டுமே உறைக்கும். 1873-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் வோகல் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். சில சாயங்களைச் சேர்த்தால் வெள்ளி உப்பு மற்ற நிறங்களையும் உணரத் தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு சாயமாகத் தேடி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிலிமின் பார்வையை நீட்டினர். 1919-இல் கிரிப்டோசயனின் என்னும் சாயம் கிடைத்தபின் சிவப்பின் வேலியையும் தாண்ட முடிந்தது.

அதற்கு முன்பே, 1910-இல், அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட் அகச்சிவப்பில் எடுத்த நிலக்காட்சிகளை இலண்டனின் அரச ஒளிப்படக் கழகத்தின் வழியே உலகுக்குக் காட்டியிருந்தார். கறுத்த வானமும் வெளுத்த மரங்களும் கொண்ட அப்படங்களைக் கண்டோர் வியந்தனர். இலைகள் இவ்வாறு வெளுத்துத் தெரிவது இன்றும் அவர் பெயராலேயே வுட் விளைவு எனப்படுகிறது. 1930-களில் கோடக் முதலிய நிறுவனங்கள் அகச்சிவப்புப் பிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்தன.

பிறகு போர் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிகளையும் கூடாரங்களையும் பச்சைச் சாயம் பூசியும் வெட்டிய கிளைகளால் மூடியும் மறைத்து வைத்தனர். கண்ணை ஏமாற்றிய அந்தப் பச்சையால் அகச்சிவப்பை ஏமாற்ற முடியவில்லை. பூசிய பச்சை, உயிருள்ள இலையைப்போல் ஒளியைத் திருப்பாது. வெட்டிய கிளையும் வாட வாடத் தன் இயல்பை இழக்கும். இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காகவே கோடக் நிறுவனம் புதியதொரு வண்ணப் பிலிமை உருவாக்கியது. அதில் அகச்சிவப்பு சிவப்பாகவும், சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும் பதிவாகும். உயிருள்ள செடிகொடிகள் செக்கச் செவேலென்றும், பொய்ப்பச்சை வேறு நிறமாகவும் தெரியும்.

குண்டு வீசுவதற்கு இடம் தேட உருவான அந்தப் பிலிம், போருக்குப் பின் வயலுக்கு வந்தது. 1956-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கோல்வெல், தானியப் பயிர்களின் நோய்களை வானிலிருந்து எடுத்த படங்களால் அறியலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். வாள்கள் கலப்பைக் கொழுக்களாக மாறும் காலத்தை இறைவாக்கினர் எசாயா கனவு கண்டார். அக்கனவின் சிறு துணுக்கு ஒன்று இங்கே நிறைவேறியது எனலாம்.

கருகிய தோலில் மறைந்த எழுத்துகள்

அகச்சிவப்புப் பிலிமின் வரலாற்றில் திருமறையோடு தொடர்புடைய பக்கம் ஒன்றும் உண்டு. 1947-இல் சாக்கடல் ஓரத்துக் குகையில் பழஞ்சுருள்கள் கிடைத்ததை நம் வாசகர் அறிவர். 1952-இல் நான்காம் குகையில் ஆயிரக்கணக்கான துணுக்குகள் கிடைத்தன. அவற்றுள் பல, ஈரத்தாலும் காலத்தாலும் கறுத்து, கறுப்புத் தோலில் கறுப்பு எழுத்தாக, படிக்கவே இயலாதவையாக இருந்தன. கும்ரான் அகழாய்வை வழிநடத்தியவரும் சுருள்களைப் பதிப்பிக்கும் குழுவின் தலைவருமான தொமினிக்கன் சபைத் துறவி ரோலன் தெ வோ அவர்களுக்கும், அக்குழுவில் அரும்பணியாற்றிய அருட்தந்தை மிலிக் அவர்களுக்கும் கைகொடுத்தது இந்தப் பிலிமே.

எருசலேமிலிருந்த பாலஸ்தீனத் தொல்பொருள் காட்சியகத்தின் ஒளிப்படக் கலைஞர் நஜீப் அல்பினா, அத்துணுக்குகளை அகச்சிவப்புப் பிலிமில் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். கரி மையால் எழுதிய எழுத்து அகச்சிவப்பை விழுங்கிக் கறுப்பாகவே நின்றது. கறுத்த தோலோ அவ்வொளியைத் திருப்பி வெளிறித் தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மறைந்திருந்த சொற்கள் இருட்டறைத் தட்டில் மெல்ல எழுந்து வந்தன. பின்னாளில் மூலத் துணுக்குகள் மேலும் சிதைந்தபோது, பலவற்றிற்கு அல்பினாவின் படங்களே சிறந்த சான்றாக நிலைத்தன. மறைநூலறிஞரின் பெயர்கள் நூல்களின் முகப்பில் உள்ளன. இருட்டறையில் நின்ற அந்தப் பாலஸ்தீனரின் பெயரை அறிந்தோர் சிலரே.

1979-இல் மெக்சிகோவின் குவாதலூப்பே அன்னையின் திருவுருவத்தையும் பிலிப் கலகன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அகச்சிவப்பில் படமெடுத்தார். 1981-இல் வெளிவந்த அவரது அறிக்கை, உருவத்தைச் சுற்றியுள்ள சில பகுதிகள் பிற்காலத்தில் தீட்டப்பட்டவை என்றது. அம்முடிவைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. ஆயினும் அன்னையின் மக்கள் அந்தக் கேமராவுக்கு அஞ்சவில்லை. உண்மையைத் தேடும் கருவியைக் கண்டு விசுவாசம் நடுங்க வேண்டியதில்லை.

காயங்குளத்தின் மேலே

இனி நம் கதைக்கு வருவோம். கேரளத்தில் 1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பிறகு, மீனச்சில் பகுதியில் தென்னைகள் விளங்காத நோய் ஒன்றால் தளரத் தொடங்கின. நோய் மெல்ல மெல்லக் காயங்குளம், கார்த்திகப்பள்ளி என்று பரவியது. வேர் அழுகுவதால் வேர் வாடல் நோய் என்று பெயர் வந்தது. இந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. காய்ப்பைக் குறைத்து, ஆண்டுக்கணக்கில் இளைக்க வைக்கிறது. தென்னையையே நம்பிய குடும்பங்களும் மரத்தோடு சேர்ந்து இளைத்தன. 1947-இல் காயங்குளத்தில் ஆராய்ச்சி நிலையம் அமைந்தும் நோயின் காரணம் பிடிபடவில்லை.

நோய் எங்கே, எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறியவே ஊர் ஊராக நடந்து மரம் மரமாக எண்ண வேண்டியிருந்தது. இதை வானிலிருந்து அறியலாமே என்ற எண்ணம், இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய் காலத்தில் உருவம் பெற்றது. ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்டோருக்கு அவர் அளித்த மறுமொழி ஒன்றே: எளிய மனிதரின் வாழ்வுச் சிக்கலுக்குப் பயன்படுவதற்காக. தென்னை நோயை விட எளிய மனிதருக்கு நெருக்கமான சிக்கல் எது?

பொறுப்பேற்றவர் பிஷாரத் இராம பிஷாரடி. 1909-இல் கேரளத்தின் கொல்லங்கோட்டில் பிறந்து, கோடை விடுமுறைகளில் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு கற்று, வானிலைத் துறையில் சேர்ந்து, புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராக விளங்கி, 1967-இல் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்திற்கு வந்தவர். 2002-இல் மறைந்த அவரை இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று போற்றுகிறோம். அவரோடு தட்சிணாமூர்த்தி, கிருஷ்ணமூர்த்தி, சும்மன்வார், சாந்தா ஆகியோரும் இவ்வாய்வில் பங்கேற்றனர்.

ஹெலிகாப்டரில் ஹாசல்பிளாட் கேமராவும் அகச்சிவப்பு வண்ணப் பிலிமும் ஏறின. வெப்பம் பட்டால் கெட்டுப்போகும் பிலிம் அது. குளிரில் காத்து, இருட்டில் பூட்டி, உரிய ஒளிவடிகட்டியோடு இயக்க வேண்டும். படங்களைக் கழுவியபோது நலமான மரங்களின் உச்சிகள் நல்ல சிவப்பாகவும், நோயுற்றவை மங்கலாகவும் தெரிந்தன. நோயுற்ற தென்னையை நலமான தென்னையிலிருந்து வானத்திலிருந்தே பிரித்தறியலாம் என்பது தெளிவாயிற்று. 1971-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த தொலையுணர்வு மாநாட்டில் இவ்வாய்வு வெளியிடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், டிசம்பர் 30-ஆம் நாள், சாராபாய் காலமானார்.

விதை மட்டும் முளைத்தது. 1974, 75-ஆம் ஆண்டுகளில் ஆந்திரத்தின் அனந்தப்பூரிலும் பஞ்சாபின் பட்டியாலாவிலும் அகச்சிவப்பு வான்படங்களால் பயிர்களைக் கணக்கெடுக்கும் ஆய்வு நடந்தது. 1974-இல் தேசியத் தொலையுணர்வு முகமை தோன்றியது. 1979-இல் ஏவப்பட்ட பாஸ்கரா செயற்கைக்கோள் அகச்சிவப்பைக் காணும் கேமரா ஒன்றையும் சுமந்தது. 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோளின் நான்கு அலைவரிசைகளில் ஒன்று அண்மை அகச்சிவப்பே. இன்றும் செயற்கைக்கோள் வரைபடங்களில் காடும் வயலும் சிவப்பாக அச்சிடப்படுவதைக் காண்கிறோம். போர்க்காலப் பிலிம் வகுத்த நிறமுறைதான் அது. பிலிம் மறைந்த பிறகும் அதன் நிறங்கள் வாழ்கின்றன.

நம் மண்ணில் ஒரு சிறு முயற்சி

இவ்வரலாற்றைப் படித்த ஆர்வத்தில், இன்றும் கிடைக்கும் கறுப்பு வெள்ளை அகச்சிவப்புப் பிலிம் இரண்டு சுருளை வாங்கி, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் நாமும் முயன்று பார்த்தோம். பழைய கோடக் பிலிமைப்போல் இது 900 நானோமீட்டர் வரை காண்பதில்லை. 800-ஐச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும். ஆயினும் இலையின் வெண்மையைக் காண இது போதும்.

முதல் சுருளை நம் அவசரத்தால் இழந்தோம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும், சித்திரை வெயிலில், மரநிழலே போதும் என்று எண்ணிக் கேமராவில் ஏற்றினோம். கழுவிப் பார்த்தபோது பாதிக்குமேல் புகைபோல் கறுத்திருந்தது. நம் கண்ணுக்கு நிழலாயிருந்த மரத்தடி, அந்தப் பிலிமுக்கு ஒளி வெள்ளம். இலைகள் எல்லாம் அகச்சிவப்பைக் கீழே சிதறிக்கொண்டிருக்கும்போது நிழல் ஏது?

இரண்டாம் சுருளை இருட்டறையிலேயே ஏற்றினோம். 720 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுக்கும் ஒளிவடிகட்டி பார்வைக்கு ஏறத்தாழக் கறுப்பு. அதை மாட்டியபின் கேமரா வழியே ஒன்றும் தெரியாது. எனவே முதலில் காட்சியை அமைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, குவியத்தைப் பழைய லென்சுகளில் இதற்கென்றே பொறித்திருக்கும் சிவப்புக் குறிக்கு நகர்த்தி, அதன்பின் வடிகட்டியை மாட்ட வேண்டும். உச்சி வெயிலிலும் அரை வினாடி, ஒரு வினாடி என்று திறந்து வைக்க வேண்டும். ஒளிமானி இவ்வொளியை அளக்காது. ஆகவே ஒவ்வொரு காட்சியையும் மூன்று அளவுகளில் எடுத்தோம்.

சாத்தனூர்க் கல்மரத்தின் அருகே எடுத்த படம் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன் கடல் இப்பகுதியை மூடியிருந்தது. அந்நாளில் வீழ்ந்து, வண்டலில் புதைந்து, அணு அணுவாகக் கல்லான மரம் அது. 18 மீட்டர் நீளம். 1940-இல் நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார். கண்ணுக்கு அது மரமாகவே தெரிகிறது. பட்டையின் வரிகளும் கிளை முறிந்த வடுக்களும் உள்ளன. ஆனால் நம் படத்தில் அது வெறும் சாம்பல் நிறக் கல்லாகக் கிடந்தது. சுற்றி நின்ற வேம்புகளோ வெண்பனியாய் ஒளிர்ந்தன. வடிவத்தைக் கண்டு நாம் மரம் என்கிறோம். உயிர் எங்கே என்று பிலிம் பார்த்தது.

காரைவெட்டி ஏரியின் நீர் மையைப்போல் கறுத்திருந்தது. நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஏரியின் கரை முழுதும் வெள்ளை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றின் விளிம்பை எட்ட நின்று எடுத்த படத்தில், மேலே வெளுத்த செடிகொடிகளும் கீழே இலையொன்றும் இல்லாத படிக்கட்டுப் பாறைகளும் தெரிந்தன. எங்கு உயிர் முடிகிறது என்பது கோடு கிழித்ததுபோல் இருந்தது. நம் வீடுகளுக்கும் கோவில்களுக்கும் வேண்டிய சிமெண்டு அங்கிருந்துதான் வருகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒன்று நம்மைத் திடுக்கிட வைத்தது. கோடையில் வயல்கள் காய்ந்து மங்கிக் கிடந்த இடத்தில், சீமைக்கருவேலம் வேம்புக்கு ஈடாக வெளுத்து நின்றது. உழவரின் நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் என்று ஊரார் பழிக்கும் அது, பிலிமின் கண்ணில் நலமே உருவானது. இலை நலமாயிருக்கிறதா என்பதைப் பிலிம் சொல்லும். அந்நலம் யாருக்கு என்பதைச் சொல்லாது.

உழவர் கேட்ட கேள்வி

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்திற்கும் மக்காச்சோளத்திற்கும் பருத்திக்கும் பெயர் பெற்றது. திருகல் நோய் கண்ட வெங்காய வயல் ஒன்றையும் படமெடுத்தோம். படத்தில் நோயுற்ற பாத்திக்கும் மற்றதற்கும் தெளிவான வேறுபாடு ஏதும் தெரியவில்லை. ஒரே ஒரு படத்தால் நோயை அறிய முடியாது என்பதை அப்போது உணர்ந்தோம். ஒரே வயலை, ஒரே வகை ஒளியில், பல நாள்கள் எடுத்து ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு மங்கலும் நோய்தானா, வறட்சியா, மண்ணின் குறையா என்று கீழே இறங்கிச் சென்று பார்க்க வேண்டும். வானிலிருந்து எடுத்த படத்திற்கு மண்ணில் நடந்த காலே சான்று.

நாம் முக்காலியை மடக்கும்போது, வரப்பில் நின்றிருந்த முதியவர் மெல்லக் கேட்டார்: “இதுல தெரிஞ்சா வெங்காயம் பொழச்சிக்குங்களா?” நமக்கு விடை வரவில்லை. “முன்னாடியே தெரிஞ்சா மருந்து அடிக்கலாங்க ஐயா” என்றோம். “மருந்து இருந்தா” என்றார் அவர்.

காயங்குளத்தின் கதையும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடுகிறது. 1970-இல் பிலிம் நோயைக் கண்டது. ஆனால் நோயின் காரணம் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் என்று தெரிய 1983 வரை ஆயிற்று. சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் சுமக்கின்றன என்பதும் பிறகே விளங்கியது. நோயை முற்றிலும் போக்கும் மருந்து இன்றும் இல்லை. மலையைத் தாண்டி நம் மாநிலத்தின் கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டை, பொள்ளாச்சிப் பகுதிகளுக்கும் நோய் வந்துவிட்டது. முற்றிய மரங்களை வெட்டி அகற்றுவதும், உரமும் நீரும் இட்டு மற்றவற்றைத் தாங்குவதும், கல்பரட்சா, கல்பஸ்ரீ போன்ற நோய் தாங்கும் வகைகளை நடுவதுமே வழி. அவ்வகைகள் எவ்வாறு கிடைத்தன? நோய் சூழ்ந்த தோப்புகளின் நடுவே நலமாக நின்ற மரங்களைத் தேடிக் கண்டு, அவற்றிலிருந்து வித்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து உருவாக்கினர். நோயைக் கண்டறிந்தது வானம். நம்பிக்கை, தரையில் மரம் மரமாக நடந்தவர் கையில் கிடைத்தது.

2018-இல் அமெரிக்கப் படைப்புழு நம் மக்காச்சோளத்தைத் தாக்கியதைப் பெரம்பலூர், அரியலூர் உழவர் மறந்திருக்கமாட்டார்கள். குருத்துக்குள் ஒளிந்து தின்ற புழு வெளியே தெரிந்தபோது வயல் சல்லடையாகியிருந்தது. இந்நாளில் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் ஒப்பிட்டு, பயிரின் நலத்தை எண்ணாகவே உரைக்கும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்குமேல் சுற்றுகின்றன. அந்த எண் அலுவலகத்துக் கணினியோடு நின்றுவிடாமல், உரிய நாளில், உரிய மொழியில், வரப்பில் நிற்பவரை வந்தடைய வேண்டும். அது சேரும் வரை, கண்டவர் கண்டதாகவே இருப்பார். இழந்தவர் இழந்ததாகவே இருப்பார்.

மறைந்த பிலிமும் மறையாத கடமையும்

கோடக் நிறுவனம் 2007-இல் தன் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளை அகச்சிவப்புப் பிலிமை நிறுத்தியது. தென்னையின் நோயைக் காட்டியதற்கு இனமான வான்பட வண்ணப் பிலிமும் 2009-ஐ ஒட்டி நின்றது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு, நம் நாட்டுக்கே பிலிம் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. உலகில் ஓரிரு நிறுவனங்கள் மட்டும் இன்னும் சிறிதளவு அகச்சிவப்புப் பிலிமைச் செய்கின்றன. ஆர்வலர் சிலர் அதைக் குளிர்பெட்டியில் போற்றி வைக்கின்றனர். கருவிகள் வரும், போகும். அதற்காக நாம் பெரிதும் வருந்த வேண்டியதில்லை.

பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவருக்கு இயேசு கை வைத்து நலமளித்ததை மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். முதல் முறை தொட்டபோது அவருக்குப் பாதிப் பார்வையே வந்தது. மனிதர் அவருக்கு நடமாடும் மரங்களாகத் தெரிந்தனர். ஆண்டவர் அத்தோடு அவரை அனுப்பிவிடவில்லை. மீண்டும் தொட்டார், அப்போதே எல்லாம் தெளிவாயிற்று. நம் அறிவியலுக்குக் கிடைத்திருப்பதும் இதுவரை முதல் தொடுதல் எனலாம். மரங்களைக் காண்கிறோம், அவற்றின் நோயையும் காண்கிறோம். மரத்தின் பின்னே நிற்கும் மனிதரை மனிதராகக் காண இன்னொரு தொடுதல் வேண்டும்.

அந்த வெங்காய வயலின் படம் நம் மேசைமேல் இருக்கிறது. நோய் அதில் தெரியவில்லை. ஆனால் ஓரத்தில், நாம் எண்ணாமலே, வரப்பில் நின்ற முதியவர் பதிவாகியிருக்கிறார். ஒரு வினாடி திறந்திருந்த கேமராவில் அவர் சற்றே அசைந்ததால் முகம் தெளிவாக இல்லை. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, அவர் பயிர் என்ன ஆயிற்று என்று கேட்டு வர வேண்டும்.